ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன்...

"தென் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். அதிகபட்ச வெப்பநிலை படிப்படியாகக் குறையக்கூடும்."

ஆவணி, புரட்டாசி மாதங்களில் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. வானொலியில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது, இப்போது கைப்பேசியிலும் வருகிறது. வார்த்தைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கேட்பவர்கள்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். சென்னையில் கேட்பவருக்கு அது குடை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி. பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை பற்றிய கேள்வி (2016 இல் ஓய்வு பெற்ற ரமணன் அவர்களின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே குதித்த ஒரு தலைமுறை உண்டு!). கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர் காயப்போட்ட குச்சியை நினைத்துக்கொள்வார். வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பாத்தியில் உப்பு படிந்து வாரப்போகும் நேரத்தில் ஒரு மணி நேர மழை போதும், பல நாள் வெயில் செய்த வேலை கரைந்துவிடும்.

விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே போனால் கடலும் உப்பளமும். மேற்கே கோவில்பட்டி வரை கரிசக்காடு. இங்கே இருக்கும் மானாவாரி சம்சாரிக்கு அந்த வாக்கியம் குடையும் அல்ல, விடுமுறையும் அல்ல. விதை மூட்டையை அவிழ்ப்பதா கட்டியே வைப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு வானிலை அறிக்கையில் பதில் இல்லை.

வானிலைத் துறையைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திட்டுவது சுலபம், டீக்கடையில் தினமும் நடக்கிறது. "மழைன்னு சொன்னான், ஒரு சொட்டு இல்ல" என்பார் ஒருவர். "சொல்லவே இல்ல, ஊத்திருச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அறிக்கையைச் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன. அதை யாரும் மக்களுக்குச் சொல்வதில்லை.

"ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "பல இடங்களில்" என்றால் 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். ஆக "ஓரிரு இடங்களில் மழை" என்று சொன்ன நாளில் நான்கில் மூன்று ஊர் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை சரிதான்!

அளவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் முதல் 15.5 வரை பெய்தால் லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 ஐத் தாண்டினால்தான் கனமழை. அப்படியானால் "லேசானது முதல் மிதமான மழை" என்ற சொல்லுக்குள் என்ன அடங்குகிறது? 2.5 இலிருந்து 64.4 வரை எல்லாமே அடங்குகிறது. முதலாவது, தெருப் புழுதியை அடக்கும். இரண்டாவது, ஓடையில் தண்ணீர் ஓட வைக்கும்.

கரிசல் சம்சாரியின் வாழ்வு இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் தொங்குகிறது. சுமார் 20 மில்லிமீட்டரில்.

ஏன் 20? அதற்கு மண்ணைப் பார்க்க வேண்டும். கரிசல் மண் களிமண் மிகுந்தது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆடி மாதக் காற்றில் காய்ந்த கரிசக்காட்டில் வெடிப்புகளில் கால் மாட்டும் அளவுக்கு இடைவெளி விழும். முதல் மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிப் போய்விடும். மேல்மண் நனைந்து வெடிப்பு மூட வேண்டுமானால் நல்ல மழை வேண்டும். அதே மண் நன்றாக நனைந்துவிட்டால் பிசின் மாதிரி ஒட்டும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. செருப்போடு நாலடி நடந்தால் காலுக்கு இரண்டு கிலோ மண் ஏறும். காய்ந்தாலும் வேலை செய்ய முடியாது, நனைந்தாலும் முடியாது, நடுவில் இரண்டு மூன்று நாள் பதம் கிடைக்கும். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அது தொடங்கியபின் விதைக்கலாம் என்று காத்திருந்தால் அடை மழையில் காட்டுக்குள் இறங்கவே முடியாமல் போகலாம். பயிரும் பிந்திவிடும். பூத்துக் காய்க்கும் நேரத்தில் தை மாத வறட்சி வந்து நிற்கும். இதற்குக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒரு வழி சொல்கிறது. 1901 இல் தொடங்கப்பட்ட நிலையம் அது, மானாவாரிக்காகவே நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காய்ந்த நிலத்தில் விதைத்துவிடுங்கள், விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள் என்பது அதன் பரிந்துரை. அதற்கு முன் சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் ஊற வைத்து நிழலில் உலர்த்திக் கடினப்படுத்த வேண்டும். ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு ஏமாறாது. 20 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்து ஈரம் அந்த ஆழத்துக்கு இறங்கினால்தான் முளைக்கும்.

அழகான யோசனைதான். ஆனால் இந்த யோசனை எந்த மாதத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். செப்டம்பர் கடைசியில்! இடிமழைக் காலத்தின் நட்ட நடுவில்.

பத்து மில்லிமீட்டர் பெய்தால் விதை தூங்கும். பரவாயில்லை. நாற்பது பெய்தால் முளைத்து, அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். பதினெட்டு, இருபத்திரண்டு என்று அரைகுறையாகப் பெய்தால்தான் ஆபத்து. பாதி விதை முளைக்கும், மேல் ஈரம் காயும், முளைத்தது கருகும். தூங்கியவை பிறகு முளைத்தால் காடு முழுக்க வயது ஒவ்வாத பயிர். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் சுமார் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கு மேல். இந்த மூன்று லாரிதான் விளைச்சலுக்கும் வெறுங்காட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெயர், "மிதமான மழை"!

சரி, வானிலைத் துறை இன்னும் துல்லியமாகச் சொல்லக் கூடாதா? இங்கேதான் நியாயமாக யோசிக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசி இடிமழை எப்படி உருவாகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. கடலோரத்தில் கச்சான் என்பார்கள், உள்ளே மேகாத்து என்பார்கள். தமிழில் "கோடை" என்ற சொல்லுக்கே மேல்காற்று என்ற பொருள் உண்டு. இந்த வட்டாரத்துக்கு அது மிகவும் பொருந்தும். ஏனென்றால் இங்கே கோடை சித்திரையோடு முடிவதில்லை, இந்தக் காற்று ஓயும் வரை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில்கூட 37, 38 டிகிரி வெயில் சாதாரணம்.

இந்த மேல்காற்று சற்றுத் தளரும் நாட்களில் பிற்பகலில் மன்னார் வளைகுடாவிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. ஈரக் காற்றும் வெப்பக் காற்றும் நேருக்கு நேர் முட்டுகின்றன. முட்டிய இடத்தில் காற்று மேலே எழும்புகிறது. நாலு மணிக்குப் பஞ்சுப் பொதி மாதிரி இருந்த மேகம் ஆறு மணிக்குள் கோபுரமாகி இடிக்கிறது. தனி மேகத்தின் அகலம் ஐந்து, பத்து கிலோமீட்டர் இருக்கலாம். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். குளத்தூரில் கொட்டும்போது சூரங்குடியில் நட்சத்திரம் தெரியும். அடுத்த நாள் மாறி நடக்கும்.

காற்று எந்தக் கோட்டில் முட்டும் என்பதை ஓரளவு சொல்லலாம். அந்தக் கோட்டில் எந்த ஊருக்கு மேல் மேகம் எழும்பும் என்பதை முந்தின நாளே சொல்ல இன்றைக்கு உலகத்தில் எவராலும் முடியாது. 2025 மே மாதம் இந்தியா ஆறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் பாரத் முன்கணிப்பு முறையைக் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த மேகமே ஒரு கட்டம், இரண்டு கட்டம் அகலம்தான். எனவே "ஓரிரு இடங்களில்" என்று சொல்வது ஏமாற்று வேலை அல்ல, நேர்மையான வாக்கியம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத வாக்கியம்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? நாளை எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாததில் இல்லை. நேற்று எங்கே, எவ்வளவு பெய்தது என்பதையே ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் இருக்கிறது.

இடிமழையை முன்கூட்டி ஊர் வாரியாகச் சொல்ல முடியாது. பெய்தபின் அளக்க முடியும். காய்ந்த நிலத்தில் விதைத்தவருக்கும், மழை பெய்ததும் விதைக்கக் காத்திருப்பவருக்கும் மறுநாள் காலையில் தேவைப்படுவது ஓர் எண். எட்டா, பதினெட்டா, முப்பத்தெட்டா? அந்த ஓர் எண்ணுக்கு ராக்கெட்டும் வேண்டாம், சூப்பர் கம்ப்யூட்டரும் வேண்டாம். ஒரு புனலும் அளவு கோடு போட்ட ஒரு குப்பியும் போதும்.

முன்னோர் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். முற்றத்து ஆட்டுரலில் எவ்வளவு தண்ணீர் தேங்கியது என்று பார்த்து மழை சொன்னார்கள். "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று கணக்கு வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் "மிதமான மழை" என்பதைவிட "ஒரு உழவு மழை" எவ்வளவோ மேலான அளவை! மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது, அடுத்து என்ன வேலை செய்யலாம் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆட்டுரல் போய் மிக்சி வந்தது. முற்றமும் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறு எதுவும் வரவில்லை.

முழுவதும் வரவில்லை என்று சொல்வதும் தவறு. தூத்துக்குடி மாவட்டத்தின் தினசரி மழைப் பட்டியலில் விளாத்திகுளம், வைப்பாறு, சூரங்குடி, வேடநத்தம், காடல்குடி என்று இந்தப் பக்கத்து ஊர்கள் பல இருக்கின்றன. காலை எட்டரை மணி முதல் மறுநாள் எட்டரை வரை என்பது கணக்கு. தமிழக அரசு அண்மையில் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் பணியை எடுத்துச் செய்திருக்கிறது. 2024 இல் டிஎன் அலர்ட் என்ற செயலியும் வந்தது. மத்திய அரசு பயிர்க் காப்பீட்டுக்காக 2023 இல் விண்ட்ஸ் என்ற திட்டத்தை அறிவித்து, ஒன்றியத்துக்கு ஒரு வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு மழைமானி என்று இலக்கு வைத்தது. இவையெல்லாம் பாராட்ட வேண்டியவை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். 1,400 மானி என்றால் ஒன்றுக்கு 90 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஊராட்சிகளோ சுமார் 12,500. ஒன்பது ஊராட்சிக்கு ஒரு மானி! ஐந்து கிலோமீட்டர் அகல மேகம் இரண்டு மானிகளுக்கு நடுவில் கொட்டிவிட்டு, யாருடைய பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாமல் கடலுக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்புதான். "சம்சாரிக்குத் தன் காட்டில் எவ்வளவு மழை என்று தெரியாதா? காலையில் போய் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் ஈரம் எத்தனை விரல்கடை இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அவருக்கு எதற்கு மில்லிமீட்டர்?"

உண்மைதான். அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரிவது எந்த மானியையும்விடத் துல்லியமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கை சாட்சி சொல்லப் போனால் யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? வங்கியில் ஏற்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் ஏற்பதில்லை. "எங்க ஊர்ல பெய்யல சார்" என்று அவர் சொன்னால், "ரெக்கார்டில் மழை இருக்கே" என்று பதில் வரும். அந்த ரெக்கார்டு எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் மானி! எண் அவருக்காக மட்டும் தேவைப்படவில்லை, அவரை நம்பாதவர்களுக்காகவும் தேவைப்படுகிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மழையின்மையால் விதைக்க முடியாமல் போனாலோ முளைக்காமல் போனாலோ இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். ஆனால் அறிவிக்கப்பட்ட பகுதியில் 75 சதவீதத்துக்கு மேல் அப்படி ஆகியிருக்க வேண்டும். இடிமழையோ திட்டுத் திட்டாகப் பெய்வது. அதன் நட்டமும் திட்டுத் திட்டாகத்தான் வரும். தெற்குக் காட்டில் முளைத்துக் கருகும், வடக்குக் காட்டில் பச்சையாக நிற்கும். 75 சதவீதம் என்ற கோட்டை இந்த நட்டம் எட்டுவது கடினம். பரந்த வறட்சியைப் பார்க்கத் தெரிந்த திட்டத்துக்கு ஒரு புஞ்சையின் வறட்சி கண்ணில் படாது.

2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சரியாக எச்சரித்தார்களா இல்லையா என்று மாநில அரசும் மத்திய அரசும் நாட்கணக்கில் வாதாடின. வாதாட வேண்டிய விஷயம்தான், உயிர்கள் போயின. ஆனால் ஆவணியில் 18 மில்லிமீட்டர் பெய்து விதை கருகியதற்காக எந்தச் சட்டசபையிலாவது ஒரு கேள்வி எழுமா? எழாது. அது வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. அதற்கு ஒரு பெயரே கிடையாது.

முன்பு இந்த நட்டம் தாங்கக்கூடியதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கருங்கண்ணிப் பருத்தியும் நாட்டுச் சோளமும் கம்பும் குதிரைவாலியும் போட்ட காலத்தில் விதை வீட்டுக் குலுக்கையில் இருந்தது. முதல் விதைப்பு பொய்த்தால் மறுபடி அள்ளிக்கொண்டு போனார்கள். வலிதான், கடன் இல்லை. இன்று இந்தக் கரிசலில் ஏக்கர் கணக்கில் நிற்பது மக்காச்சோளம். வீரிய விதையைப் பை பையாகக் கடையில் வாங்க வேண்டும். டிராக்டர் உழவு, அடியுரம், களைக்கொல்லி என்று எல்லாமே ரொக்கம். 2018 இல் அமெரிக்கன் படைப்புழு வந்தபின் மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது. மழை அதே மழைதான். அது பொய்த்தால் விழும் கடன்தான் பெரிதாகிவிட்டது. விதையின் விலை ஏறியதற்கு ஏற்ப மழைத் தகவலின் தரமும் ஏறியிருக்க வேண்டாமா?

அடுத்து, அந்த இரண்டாவது வாக்கியம். "வெப்பநிலை படிப்படியாகக் குறையக்கூடும்." இதை எல்லோரும் ஆறுதலாகத்தான் கேட்கிறோம். அப்பாடா, புழுக்கம் குறையும், மின்விசிறியைக் குறைத்து வைக்கலாம். கரிசலில் இது விதைப்புத் தகவல்!

இடிமழை பெய்த மாலையில் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று சில நிமிடங்களிலேயே வெக்கையை விரட்டிவிடும். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கலாம். கேள்வி மறுநாளைப் பற்றியது. மேகமூட்டம் நீடித்து, காற்று கிழக்கே திரும்பி, வெப்பம் நாலைந்து நாள் அடங்கியே இருந்தால் 20 மில்லிமீட்டர் மழையும் மண்ணில் தங்கும், முளை பிழைக்கும். மறுநாளே மேகாத்து திரும்பி 38 டிகிரியில் வீசினால் அதே 20 மில்லிமீட்டர் மூன்றாம் நாள் ஆவியாகிப் போயிருக்கும். மழையின் அளவு பாதிக் கதைதான். அதற்குப் பின் வரும் வெயிலும் காற்றும் மீதிக் கதை. இந்த மீதிக் கதையை வானிலைத் துறையால் நன்றாகவே சொல்ல முடியும் என்பதுதான் வேடிக்கை. தனி மேகத்தைக் கணிப்பது கடினம். மேல்காற்று அடுத்த ஐந்து நாளில் தளருமா, வலுக்குமா, வெப்பம் இறங்குமா என்பதைக் கணிப்பது அதைவிட எத்தனையோ எளிது. தெரியாததைப் பற்றி இரண்டு வரியும் தெரிந்ததைப் பற்றி அரை வரியும் சொல்கிறார்கள்!

வேளாண் வானிலை ஆலோசனைகள் வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும் வருகின்றன. 2019 இல் வந்த மேகதூத் செயலியிலும் கிடைக்கின்றன. ஆனால் மாவட்டத்துக்கு நெருக்கமாக இந்த வேலையைச் செய்வதற்கென்று 199 மாவட்டங்களில் அமைக்கப்பட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 இல் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 2,000 கோடி ரூபாயில் மிஷன் மௌசம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மேலே கருவிகள் பெருகுகின்றன, கீழே விளக்கிச் சொல்லும் ஆட்கள் குறைகிறார்கள். இது சரியான திசையாகத் தெரியவில்லை.

ஊரே மழையை அளப்பது ஒன்றும் நடக்காத கனவு அல்ல. பக்கத்து ஆந்திராவில் 2003 முதல் 2009 வரை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு நடந்த நிலத்தடி நீர்த் திட்டத்தில் வறண்ட மாவட்டங்களின் விவசாயிகளே மழைமானி வைத்து அளந்தார்கள். எண்ணை ஊர்ச் சுவரில் எழுதினார்கள். தண்ணீர் இருப்பைப் பார்த்து என்ன பயிர் என்று ஊர் கூடிப் பேசினார்கள். படித்த அதிகாரி செய்ய வேண்டிய வேலை என்று எவரும் ஒதுங்கவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு கதை. கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் ஒரு பேய்மழை. ஊரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல், சில மைல் தள்ளி மறுபக்கம் இரண்டு அங்குலம்கூட இல்லை. கொட்டுவது தெரியாமலே ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகம் பொதுமக்கள் கையில் பிளாஸ்டிக் மழைமானி கொடுத்து அளக்கச் சொன்னது. அந்தப் பழக்கம் இன்று அமெரிக்கா முழுவதும் பரவி, ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில் தினமும் காலையில் ஒருவர் குப்பியைப் பார்த்து எண்ணை அனுப்புகிறார். அந்த எண்களை அந்நாட்டு வானிலைத் துறையும் பயன்படுத்துகிறது. செயற்கைக்கோளும் ரேடாரும் குவிந்து கிடக்கும் நாட்டுக்கே குப்பி தேவைப்படுகிறது. குளத்தூருக்குத் தேவைப்படாதா?

சாதாரண மழைமானியின் விலை சில நூறு ரூபாய். ஊராட்சிக்கு ஒன்று வைத்தாலும், திறந்த வெளியில், மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, ஆடு மாடு முட்டாமல் ஒரு வேலி போட்டால் போதும். அளந்த எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் அது ஊர்ப் பலகையில் ஏற வேண்டும். ரேஷன் கடைப் பலகையில் அரிசி இருப்பு எழுதுகிற மாதிரி, "நேற்று 18 மி.மீ." என்று. பக்கத்து நாலு ஊர் எண்ணும் சேர்ந்து இருந்தால் எந்தப் பக்கம் டிராக்டர் போகலாம், எந்தப் பக்கம் விதைப்பைத் தள்ளலாம் என்று டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும். பத்து வருட எண்கள் சேர்ந்தால் அது காப்பீட்டு நிறுவனத்தின் முன் வைக்கக்கூடிய ஆவணமும் ஆகும்.

இதில் இடி மின்னலை மறந்துவிடக் கூடாது. நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். பெரும்பாலும் வெட்டவெளியில் வேலை செய்பவர்கள். கரிசக்காடு முழுவதும் வெட்டவெளிதான். மழைக்கு ஒதுங்க ஒற்றைப் பனையோ வேப்பமரமோதான் இருக்கும், அதுதான் ஒதுங்கக் கூடாத இடம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் இறங்குவதைக் காட்டும். ஆனால் களை எடுக்கப் போகும் பெண்கள் கைப்பேசியைத் தூக்குவாளியோடு வரப்பில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். இடி கேட்டால் வேலையை நிறுத்தலாம், கூலி குறையாது என்று காட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் செயலி இல்லாமலேயே பல உயிர் பிழைக்கும்.

மழைமானி விஷயத்தில் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் ஆசையாக அளப்பார்கள், சனி ஞாயிறு யார் அளப்பது? ஊராட்சி அலுவலகத்தில் வைத்தால் காலை எட்டரைக்கு யார் கதவைத் திறப்பது? ஆவணி இடிமழைக்குக் கிழமை தெரியாது. டீக்கடைக்காரர்தான் சரியான ஆள் என்று தோன்றுகிறது. நாலரை மணிக்கே எழுந்து பாய்லர் பற்ற வைக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, அவர் எழுதுவதை அன்று காலையே ஊரில் பாதிப் பேர் படித்துவிடுவார்கள்.